சும்மா என்றொரு ஃபோல்டர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்பதே முக்காலுக்கும் அதே நாற்காலியில்தான் இருந்தார். காபி ஆறி ஆடை கட்டிப்போயிருந்தது. திரையில் பாட்டு திறந்து கிடந்தது. தாளம், கிதார், பின்னணிக் குரல்கள் எல்லாம் பதினாறு வருடத் தூக்கத்திலிருந்து சமர்த்தாக எழுந்து வந்துவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. 'மாடிப்படி' என்ற பிளகினைத் திறக்க முடியவில்லை என்று ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தது.

பிளகின் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பெரிய சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர். ஒன்று குரலில் இருக்கும் இரைச்சலை வடிகட்டும், ஒன்று மெல்லிய குரலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இந்த 'மாடிப்படி'க்குத் தெரிந்தது ஒரே வேலைதான். எந்தக் குரலைக் கொடுத்தாலும், ஒரு குறிப்பிட்ட கட்டிடத்தின் படிக்கட்டில் நின்று பாடியது போல அதற்கு முழக்கம் சேர்த்துத் தரும். அந்தக் கட்டிடத்தை இடித்துப் பதினைந்து வருடமாகிறது. உலகத்தில் அந்தப் படிக்கட்டு மிச்சமிருந்ததே இந்தப் பிளகினுக்குள்தான்.

"ஒரு நாளாவது ஒழுங்கா ஓடியிருக்கா? எழுதினவன் மாதிரியேதான் இருக்கும்" என்று அவர் திரையைப் பார்த்துத் திட்டினார். எழுதினவன் என்று அவர் சொன்னது சொந்தத் தங்கையின் கணவரை.

நாற்காலியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்த இவரைத் தொழிலில் எல்லோரும் 'இன்னொருதரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சரி, கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு விரலைத் தூக்கி "இன்னொரு தரம்" என்பார். இப்போது ஐம்பத்து மூன்று வயது. பாட்டெல்லாம் கைவிட்டுப் போய், வீட்டில் கண்ணாடித் தடுப்பு போட்ட பின்னறையில் லிஃப்டுகளுக்கும் தொலைபேசி வரிசைகளுக்கும் குரல் பதிவு செய்கிறார். புத்தி மட்டும் மாறவில்லை. 'கதவு மூடுகிறது' என்ற இரண்டு சொல்லை ஒரு பெண்ணை முப்பது தடவை சொல்லவைத்து, அந்தப் பெண் "சார், கதவு மூடியே போச்சு, நான் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய கதையும் உண்டு.

நேற்று சாயங்காலம் தங்கை போன் செய்திருந்தாள். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"அண்ணா, நாளைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில சேரணும். புதன்கிழமை காலையில ஆபரேஷன்."

"தெரியும்மா. நான் வந்துடறேன்."

"அது இல்ல. டாக்டர் மறுபடியும் சொன்னாங்க. கட்டி சாதாரணக் கட்டிதானாம், உயிருக்கெல்லாம் ஒண்ணும் இல்லையாம். ஆனா குரல் நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்காம். எடுத்தப்புறம் குரல் இப்படியே இருக்கலாம், மாறவும் மாறலாம்னாங்க." அவளே தொடர்ந்தாள். "அந்தப் பாட்டுல மூணாவது சரணம் பாடாமலே விட்டுட்டோம்ல? நாளைக்குக் காலையில வந்து பாடிடறேன். அந்தப் படிக்கட்டு சத்தத்தோட. நீ எடுத்து வை."

எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது பெரிய வேலையாகத் தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பாட்டும் அதில்தான் இருந்தது, பிளகினும் அதில்தான் இருந்தது.

காலையில்தான் கதை கந்தலானது. முதலில் பிளகினை எந்த ஃபோல்டரில் வைக்கவேண்டுமோ அதில் வைத்தார். சாஃப்ட்வேர் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி தேடச் சொன்னார். தேடிப் பார்த்து, திறக்கவில்லை என்று கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டது. ஒருமுறை அந்தப் பட்டியலில் விழுந்ததை அது மறுபடி திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டியலைத் தேடிப்பிடித்து அழித்தார். திரும்பவும் அதே கதை. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. பிளகின் முப்பத்திரண்டு பிட் காலத்தது. சாஃப்ட்வேர் அறுபத்துநாலு பிட். இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. நடுவில் உட்கார்ந்து பேச்சு வார்த்தை நடத்த ஒரு பாலம் வேண்டும். அதற்கென்றே இருக்கும் இன்னொரு சாஃப்ட்வேரை இறக்கி, நிறுவி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்தத் தடவை பிளகின் திறந்தது. அவருக்கு ஒரு கணம் உயிரே வந்தது. சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. அதில் மூன்று வரி. தொப்பி வைத்த எழுத்து, வால் முளைத்த எழுத்து, நடுவில் ஒரு பவுண்டு குறி, தலைகீழ்க் கேள்விக்குறி. எந்த மொழி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வழக்கம்போல அவர் படிக்க முயற்சி செய்யாமல் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். பெட்டியோடு பிளகினும் மூடிக்கொண்டது.

அவருடைய வியாதியே அதுதான். திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் என்ன சொல்கிறது என்று பார்க்கமாட்டார். கொசுவை அடிப்பதுபோல உடனே மூடிவிடுவார். இதே பெட்டியை ஒன்பது வருடத்துக்கு முன்பு வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்ததாகக்கூட ஒரு ஞாபகம். அன்றைக்கும் "சனியன்" என்று சொல்லி மூடிவிட்டு, பாட்டையும் மூடிவைத்தார்.

அந்தப் படிக்கட்டை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கால் வலிக்கும். ஐந்து மாடிக் கட்டிடம். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது மாடியில் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அவர்களுடைய ஸ்டுடியோ. ஒரே அறை, முட்டை அட்டை ஒட்டிய சுவர், டாக்டர் பல்லைக் குடைகிற நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் பாப்பா கீழே போய்விட்டுப் படியேறி வரும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டே வந்தாள். அறைக்குள் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படிக்கட்டு அவள் குரலை எடுத்து, ஐந்து மாடிக்கும் கொண்டுபோய்க் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவர் இவர். இன்னொருவர் பாப்பாவைக் கட்டியிருந்த மாப்பிள்ளை. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதற்குப்பிறகு பாப்பாவைப் படிக்கட்டில் நிறுத்தித்தான் பாடவைத்தார்கள். ஆனால் ஒரு வரி பாடுவதற்குள் யாராவது பல்வலியோடு ஏறி வருவார்கள். "படிக்கட்டையே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவந்துடலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலூன் பாக்கெட் ஒன்றோடு வந்தார். பலூனைப் படிக்கட்டில் உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தால், அந்த இடம் எப்படி முழங்கும் என்பது முழுக்க அதில் விழுந்துவிடும். அதை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினார். இவருக்குப் பாதிதான் புரிந்தது.

ஆறு பலூன் வீணாய்ப் போனது. ஒன்றில் பாப்பா தும்மினாள், ஒன்று ஊதும்போதே உடைந்தது. ஏழாவது அருமையாக வெடித்தது. முழக்கம் மேலே போய், கீழே வந்து, அடங்க மூன்று வினாடி ஆனது. அது அடங்கியதும் கீழேயிருந்து காவல்காரர் தடியோடு ஓடிவந்து, "யாருய்யா செத்தது?" என்று கத்தினார். மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. அப்புறம் அவர்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரிக்கவே இல்லை.

சண்டை வந்தது அதே பாட்டில்தான். இரண்டாவது சரணம். பாப்பா நாற்பத்தொரு தடவை பாடினாள். நாற்பத்தொன்றும் நன்றாகத்தான் இருந்தது. இவர் விரலைத் தூக்கினார். "இன்னொரு தரம்."

மாப்பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போதும் மச்சான். அவ தொண்டை என்ன தகர டப்பாவா?"

"எப்ப போதும்னு நான் சொல்லணும். இங்க ரெக்கார்டிங் பண்றது நான்."

"பாடறது அவ."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் வீம்பு. பாப்பா தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கணவன் பின்னாலேயே படியிறங்கிப் போய்விட்டாள். மூன்றாவது சரணம் அப்படியே நின்றுபோனது. அடுத்த வருடம் கட்டிடத்தையும் இடித்தார்கள். மாப்பிள்ளை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அண்ணனும் தங்கையும் விட்டுப்போகவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இவர் அங்கே போவார். இங்கே தங்கையைக் கொண்டுவந்து விடும் மாப்பிள்ளை வாசல்படி மிதிக்கமாட்டார்.

பதினொரு மணிக்குப் பாப்பா வந்தாள். கழுத்தில் மெல்லிய துப்பட்டா சுற்றியிருந்தாள். கட்டி வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று சுற்றியிருப்பாள் போல. அதைப் பார்த்ததும் அவருக்கு அந்த எண்ணிக்கைதான் ஞாபகம் வந்தது. நாற்பத்தொரு தடவை. டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார்தான். இவரே தனியாகப் போய் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுவிட்டும் வந்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"என்னண்ணா, ரெடியா?"

"இந்தப் பிளகின்தான் மக்கர் பண்ணுது. வேற ஒண்ணு போட்டுக் காட்டறேன், கேளேன். பெரிய மண்டபம், சின்ன மண்டபம், குகை, எது வேணும்னாலும் இருக்கு."

பழைய சரணத்தை ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்டினார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாலாவதில் கண்ணைத் திறந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. யாரோ வீட்ல போய்ப் பாடின மாதிரி இருக்கு."

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

"அவரைக் கேக்கட்டுமா?" என்றாள் பாப்பா.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"எப்ப பாத்துக்குவ? நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். அவர் தெருமுனையில கார்லதான் உக்காந்திருக்கார். ரெண்டு பேரும் பதினாறு வருஷமா எனக்கு நடுவுல சுவர் கட்டி வெச்சிருக்கீங்க. இன்னிக்கு ஒரு நாள் அதுல ஒரு ஜன்னல் வெச்சா கொறஞ்சா போயிடுவீங்க?"

இவர் பதில் சொல்வதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள். "ஏங்க, அண்ணன் கேக்கறார், பிளகின் திறக்க மாட்டேங்குதாம்."

"நான் எங்க கேட்டேன்?" என்றார் இவர்.

"நான் கேக்கலைங்கறார்" என்று அதையும் அப்படியே சொன்னாள். அந்தப்பக்கம் என்னவோ கேட்டார்கள். "பாலம் போட்டாரான்னு கேக்கறார்."

"பாலமெல்லாம் எப்பவோ போட்டாச்சுன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனப்பு."

"போட்டாச்சாம். கோபமா சொல்றார்." அவள் கேட்டுக்கொண்டாள். "ஏதாவது பெட்டி வருதான்னு கேக்கறார். மூடாம அப்படியே விடச் சொல்றார். அண்ணா, மூடாத, நான் போட்டோ எடுக்கணும்."

மறுபடி திறந்தார். தொப்பியும் வாலும் கொண்ட மூன்று வரி வந்து நின்றது. கை தன்னால் பெருக்கல் குறிக்குப் போனது. பாப்பா அந்தக் கையில் ஒரு அடி போட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பினாள்.

அந்தப்பக்கம் படத்தைப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார்கள். பிறகு பாப்பா போனை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அது சும்மாவைத் தேடுதாம்."

"எதை?"

"உன் பழைய கம்ப்யூட்டர்ல 'சும்மா'னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சாம். அது இருக்கான்னு கேக்கறார்."

அவருக்கு முகம் செத்துப்போனது. இருந்தது. மாப்பிள்ளை தன் கோப்புகளையெல்லாம் போட்டுவைக்கிற குப்பைக்கூடை அது. எதைக் கேட்டாலும் 'அப்புறம் சரியான இடத்துல வெச்சுக்கலாம்' என்று அதில்தான் போடுவார். சண்டை நடந்த அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருந்தபோது இவர் கண்ணில் அது பட்டது. சும்மாவாம் சும்மா என்று மொத்தமாகப் பிடித்து அழித்தார். அதற்கு முன்பும் ஒருமுறை கோபத்தில் அழித்திருக்கிறார். அப்போது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எங்கிருந்தோ திரும்பக் கொண்டுவந்து போட்டார். இரண்டாவது தடவை திரும்பக் கொண்டுவந்து போட ஆள் இல்லை. அந்த ஏழாவது பலூனின் சத்தம் பிளகினுக்குள் இல்லை, அந்தக் கூடைக்குள் இருந்தது என்று இவருக்கு யார் சொன்னார்கள்? பதினாறு வருடமாக ஊரெல்லாம் மாப்பிள்ளை எழுதியது ஓடாது, ஓடாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதன் காலை வெட்டியது இவர்தான்.

"இல்ல" என்றார். "அது இல்ல, பாப்பா."

பாப்பா போனில் சொல்வதற்குள் அந்தப்பக்கம் வைத்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றபின் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை முன்பக்க முடியெல்லாம் போய், கண்ணாடி போட்டு, வேறு யாரோ போல இருந்தார். நிற்கிற விதம் மட்டும் மாறவில்லை. ஒரு தோள் சற்றுத் தாழ்ந்து, உள்ளே வரலாமா என்று கேட்பது போல.

"வாங்க மாப்ள" என்றார் இவர்.

"வரேன் மச்சான்."

உட்காருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். அந்த நாற்காலியில் இவரைத்தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கார் சாவி, வீட்டுச் சாவி, நடுவில் தேய்ந்துபோன ஒரு பென் டிரைவ்.

"தப்பு என்னோடது மச்சான். அந்தச் சத்தத்தைப் பிளகினுக்குள்ளயே வெச்சு முடிச்சிருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னு வெளிய விட்டுட்டேன்."

இவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் துப்பட்டா சுற்றிய கழுத்தோடு பாப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அழிச்சது நான், மாப்ள. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் போனப்புறம். வேணும்னேதான் அழிச்சேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, ஆனா வேணும்னேதான்."

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் பென் டிரைவைச் செருகினார். "சரி விடுங்க. பலூன் சத்தத்தை வெட்டி வெச்சது உங்க மெஷின்ல மட்டும்தான் இருந்துச்சு. இது முழுசு. மொதல்ல திறக்குதான்னு பாப்போம்."

"இதை எதுக்கு சாவியில மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் இவர்.

பதில் பாப்பாதான் சொன்னாள். "அப்பப்ப கார்ல போட்டுக் கேப்பார். நான் கேட்டா ஆஃப் பண்ணிடுவார்."

ஃபோல்டரைப் பழைய இடத்தில், பழைய பெயரில் வைத்தார்கள். பிளகின் முனகாமல் திறந்தது. சாம்பல் பெட்டி வரவில்லை. பாப்பாவின் பழைய சரணத்தை ஓடவிட்டார்கள். முதல் சொல் படியேறி மேலே போனது. இவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த கணம் அதன் பின்னாலேயே என்னவோ கசகசவென்று வந்தது. இரண்டாவது சொல் பாடியதும் இன்னும் அதிகமாக. பத்து பேர் கதவுக்குப் பின்னால் நின்று குசுகுசுப்பது போல இருந்தது.

"ஐயோ, யாரு இது?" என்றாள் பாப்பா.

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். "நாமதான். வெட்டாத சத்தத்தைப் போட்டுட்டேன். நீ ஒவ்வொரு சொல்லு பாடும்போதும் பலூன் உடைஞ்சு, வாட்ச்மேன் கத்தி, நாம மூணு பேரும் சிரிக்கறோம்."

"அப்ப சொல்லுக்குச் சொல்லு யாரோ செத்திருக்காங்க" என்றார் இவர்.

முதலில் பாப்பா சிரித்தாள். பிறகு மூன்று பேராலும் நிறுத்த முடியவில்லை. பாப்பா ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "போதும், சிரிக்க வைக்காதீங்க, இன்னும் பாடணும்" என்று கெஞ்சினாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வினாடிக்குப்பின் இருந்ததைத் திரையில் வெட்டினார். வெட்டியதைத் தூக்கியெறியவில்லை. தனியாக ஒரு பெயர் வைத்துச் சேமித்தார். அவர் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பாப்பா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் நின்றாள். துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மூன்றாவது சரணம் அவளே எழுதியது. முப்பது வயதில் எழுதியபோது அது வேறு எதையோ பற்றியதாக இருந்திருக்கும்.

*விளக்கை அணைக்காமல் போகிறேன்,*
*வருவேன் என்றுதானே அர்த்தம்.*

குரல் பழைய குரல் இல்லை. மேலே போகும் இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். 'அர்த்தம்' என்ற சொல்லில் லேசாக ஒரு பிசிறு விழுந்தது. ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. இடித்துப்போட்ட ஐந்து மாடியும் எழுந்து நின்று, அவள் குரலை எடுத்துக்கொண்டு மேலே போய், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தன. கடைசிச் சொல் அடங்க மூன்று வினாடி ஆனது. அவர் எண்ணினார்.

பாப்பா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். அந்தப் பிசிறு அவர் காதுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விரல் பாதி எழுந்துவிட்டது. அதை அப்படியே திருப்பிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"போதும்மா" என்றார். "இதுதான்."

"நெஜமாவா?"

"நெஜமா. இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

பாப்பா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அப்ப சரி. இனிமே டாக்டருங்க வெட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். வாசலில் இவர் கேட்டார். "மாப்ள, அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?"

"அது ஒண்ணுமில்ல மச்சான். பழைய காலத்து தமிழ் ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல எழுத்து இப்படித்தான் தாறுமாறா தெரியும்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பென் டிரைவ் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரியில வாங்கிக்கறேன்."

"பாட்டைச் சேர்த்து வெச்சுட்டு நான் பின்னாலயே பஸ்ல வரேன்."

"எதுக்கு பஸ்? அஞ்சு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர்கள் போனதும் அவர் அறைக்குத் திரும்பினார். நாற்காலி மாப்பிள்ளை உட்கார்ந்த உயரத்திலேயே இருந்தது. அதை மாற்றாமல் உட்கார்ந்தார். பென் டிரைவில் 'சும்மா' முழுசாக இருந்தது. அதில் ஒரு ஓரத்தில் அந்த ஃபான்டும் இருந்தது. அதை நிறுவினார். பிறகு பலூன் சத்தத்தை வேறு இடத்துக்கு நகர்த்தி ஒளித்துவைத்துவிட்டு, பிளகினை மறுபடி திறந்தார்.

சாம்பல் பெட்டி வந்தது. தொப்பியும் வாலும் உதிர்ந்து, அழகான தமிழில் மூன்று வரி நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒரு பெட்டியை மூடாமல் படித்தார்.

*மச்சான், கோபத்துல சும்மாவை மறுபடி அழிச்சுட்டீங்களா?*
*பரவாயில்ல, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.*
*ஒரு போன் பண்ணுங்க, கொண்டு வரேன்.*

முதல் தடவை அழித்த சமயத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும். சண்டைக்கு முன்னால். சண்டை முடிந்தும் பதினாறு வருடம் அது அப்படியே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருமுறை அவர் கண்ணெதிரேயே வந்து நின்று கேட்டிருக்கிறது. அவர்தான் சனியன் என்று மூடியிருக்கிறார். வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது, அழுதார். பின்னறையில் யாரும் பார்க்கப்போவதில்லை.

மாப்பிள்ளையின் எண் போனில் இருந்தது. என்றைக்கோ சேமித்தது, ஒருமுறைகூட அழுத்தாதது. இப்போது அழுத்தினார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப்பக்கம் எடுத்துவிட்டார்கள். கார் ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், ஏதாவது மறந்துட்டோமா? இப்பதானே கிளம்பினோம்?"

"இல்ல மாப்ள" என்றார். "போன் பண்ணச் சொல்லியிருந்தீங்களே. அதான் பண்ணினேன்."